சிவப்புப் பொத்தானுக்கு முன்னால்

உழவர்கரையில் நான் வேலை செய்யும் கொட்டகையில் விமானத்துக்கான ஜெனரேட்டர்களைச் சோதிக்கிறோம். முன்பு விமானத்தில் காற்றழுத்தமும் எண்ணெயும் செய்த வேலைகளில் பலவற்றை இப்போது மின்சாரமே செய்கிறதாம். அதனால் ஜெனரேட்டர் நின்றால் அணைவது விளக்கு மட்டுமல்ல என்று எங்கள் இன்ஜினியர் அம்மா முதல் நாளே சொன்னார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எட்டாவதோடு படிப்பு என்னை விட்டது. பயம் விடவில்லை. இறுக்கிய போல்ட்டையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பேன். அதைக் கவனித்துத்தான் அவர் என்னைச் சிவப்புப் பொத்தானுக்கு முன்னால் உட்கார வைத்தார். பெரிய மோட்டார் ஒன்று ஜெனரேட்டரைச் சுழற்றும். ஏதோ சரியில்லை என்று தோன்றினால் அழுத்தி நிறுத்த வேண்டும்.

"பயப்படறதுக்குச் சம்பளமா? அப்ப இத்தினி வருசமா வூட்ல ஓசியிலயா பயந்துகினு இருந்தீங்க?" என்று சிரித்தாள் மனைவி.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் என் பயத்துக்கு ஒரு மரியாதை கிடைத்தது.

கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. பொத்தானை அழுத்தியவனை, இயந்திரம் சுற்றி ஓயும்வரை யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது. கேட்டால், அடுத்த முறை அவன் கை யோசிக்கும்.

போன மழைக்காலத்தில், வாங்குகிற கம்பெனி ஆட்கள் இருவர் வந்து பார்க்க, நீண்ட ஓட்டம் ஒன்று நடந்தது. இடையில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மின்சுமையைக் கூட்டியபோது, சீரான இரைச்சலுக்கு அடியில் ஒரு முனகல் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. அழுத்தினேன். சத்தம் இறங்கி இறங்கி அடங்கும்வரை ஒருவரும் பேசவில்லை. கழற்றிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

மறுநாளும் அதே சுமையில் அதே முனகல். இந்த முறை அழுத்தினால் நாற்காலி போய்விடும் என்று தெரியும். அழுத்தினேன்.

அப்போதும் ஒன்றுமில்லை.

"யோவ், பொத்தான அழுத்துறியா, எங்க கழுத்த அழுத்துறியா?" என்றார் இரண்டு முறையும் அதைக் கழற்றிப் பூட்டிய ஃபிட்டர்.

இன்ஜினியர் என்னை வெளியே அழைத்துப் போனார். "உங்க மேல தப்பு இல்லண்ணே. ஆனா வேற ஆள உக்கார வைக்கச் சொல்றாங்க. நான் இன்னாண்ணே பண்ணட்டும்?"

"மிஷின் நல்லாருக்குதா மேடம்?"

"நல்லாருக்குண்ணே."

"அப்ப அது போதும் மேடம்."

போதவில்லைதான்.

மூன்றாவது ஓட்டத்துக்கு ஃபிட்டர் உட்கார்ந்தார். நான் வெளியே, ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தைச் சூடாக மாற்றி ஊதித் தள்ளும் சுமைப் பெட்டிகளின் பக்கத்தில் நின்றேன். என் பயம் தப்பாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த இயந்திரத்தை நம்பி ஏறப்போகிறவர்களுக்கு முன்னால் என் நாற்காலி என்ன பெரிது? மனசாரத்தான் வேண்டினேன். ஆனாலும் காதைச் சுவர்ப் பக்கமே வைத்திருந்தேன்.

சுமை ஏறியது. முனகல் சுவரைத் தாண்டி வந்தது. என் வலது உள்ளங்கை தானாகவே தொடையை அழுத்தியது.

உள்ளே இயந்திரம் நிற்கவில்லை. கடைசிவரை ஓடியது. தேறிவிட்டது என்று வந்தவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். நான் அந்தச் சூட்டுக்காற்றில், தொடையிலிருந்து கையை எடுக்காமல் நின்றிருந்தேன்.