கடலைத் தண்ணீரில் வளர்ந்த கிருமிகள்

இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் மயிலாப்பூரை ஒட்டியிருந்த ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனை அறையில் வேலை பார்த்தேன். அறுவை அறைக்குப் போகும் துணியும் பஞ்சும் கட்டுத்துணியும் தகர ட்ரம்களில் அடைக்கப்பட்டு ஆட்டோகிளேவ் என்ற மெஷினில் நீராவியில் வேகும். அந்த நீராவி உண்மையிலேயே கிருமியைக் கொல்கிறதா என்று மாதாமாதம் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

சோதிக்கும் முறை எளியது. வைக்கோலில் வாழும், மனிதருக்குக் கெடுதல் செய்யாத பாக்டீரியா ஒன்று உண்டு. வாழ வழியில்லாதபோது அது தன்னைக் கெட்டியான ஓட்டுக்குள் அடைத்துக்கொள்ளும். அந்த நிலையில் அதற்கு ஸ்போர் என்று பெயர். கொதிநீரிலும் லேசில் சாகாது. அதைப் பட்டு நூல் துண்டுகளில் காயவைத்து ட்ரம்மின் நடுவே செருகுவோம். வெந்த பிறகு நூலை எடுத்துத் தெளிந்த சாற்றில் போட்டு ஒரு வாரம் இன்குபேட்டர் என்ற இளஞ்சூட்டுப் பெட்டியில் வைப்போம். சாறு கலங்கினால் ஸ்போர் பிழைத்துவிட்டது, மெஷினில் கோளாறு. தெளிவாகவே இருந்தால் மெஷின் சரி. புதிதாக நூல் தயாரிக்கும்போதெல்லாம் அதை அரை மணி நேரம் கொதிக்கவைத்து, அப்புறமும் முளைக்கிறதா என்று பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்பது பெரிய டாக்டரின் கண்டிப்பான உத்தரவு.

ஸ்போர் வளர மாட்டிறைச்சிச் சாறு வேண்டும். இறைச்சியை வாங்கி வந்து, கொத்தி, வேகவைத்துத் தருவது அட்டெண்டர். மீர்சாகிப்பேட்டைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எல்லோரும் அவரைப் பாய் என்போம். அவர் என்னை அய்யரே என்பார். அதில் கேலியும் உண்டு, பிரியமும் உண்டு.

எனக்குக் கல்யாணம் ஆன புதிது. கையில் ஏதோ வாடை அடிக்கிறது என்று மனைவி ஒருநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எதைத் தொட்டுண்டு வரேள்? எங்கப்பா கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள். அடுத்த மாதம் பாயிடம் இனி இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொண்டைக்கடலையை வேகவைத்த தண்ணீரில் கிருமியை வளர்த்தேன்.

பாய் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னா அய்யரே, கிருமிக்கும் பூணூல் போட்டு வுட்டீங்களா?"

நன்றாகத்தான் வளர்ந்தது. ஆனால் குப்பியில் அதன் நிறம் வேறாக இருந்தது. டாக்டர் கண்ணில் படக்கூடாதே என்று இன்குபேட்டரில் வைக்காமல் மேஜைக்கு அடியில் அலமாரியில் ஒளித்தேன். அது மார்கழி. ஆக, அந்தக் கிருமிக்கு உணவும் மாறியது, சூடும் குறைந்தது. கொதிநீர்ச் சோதனையையும் செய்யவில்லை. இவ்வளவு செழிப்பாக வளர்ந்ததற்கு என்ன குறை வந்துவிடும் என்று நினைத்தேன். மார்கழியிலும் தையிலும் சாறு தெளிவாகவே இருந்தது. இரண்டு முறையும் கையெழுத்துப் போட்டேன்.

மாசியில், அறுவை முடிந்த இரண்டு பெண்களுக்கு அடுத்தடுத்துக் காய்ச்சல் வந்தது. டாக்டர் நான் கையெழுத்துப் போட்ட சோதனைப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். மெஷின் சரியாக இருக்கிறது, வேறெங்கோதான் தப்பு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்றே ரகசியமாக என் நூல்களில் நாலைந்தை எடுத்து அரை மணி கொதிக்கவைத்துச் சாற்றில் போட்டேன். கொதிக்கவைக்காத நூல் ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன்.

ஒரு வாரம் காத்திருந்தேன். மணிக்கு ஒருமுறை இன்குபேட்டரைத் திறந்து பார்த்தேன். கொதிக்காதது மறுநாளே கலங்கிவிட்டது. கொதித்தவை எல்லாம் கண்ணாடிபோல் இருந்தன. வெறும் கொதிநீரிலேயே செத்துப்போகிற ஸ்போரை வைத்து நான் நீராவியைச் சோதித்திருக்கிறேன். மெஷின் கெட்டிருந்தாலும் என் நூல்கள் சரி என்றுதான் சொல்லியிருக்கும்.

அது தெரிந்த அன்று காலைதான் பாயின் மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். தலைப்பிரசவம், இடுப்பு குறுகல். மறுநாள் காலை வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாய் என்னிடம் வந்து நின்றார்.

"பொண்ணு பயந்துகினு கீது அய்யரே. நான் சொல்லிட்டேன், அய்யரு பாத்து பாஸ் பண்ண மெஷினு, ஒண்ணியும் ஆவாதுன்னு."

டாக்டர் அறை பத்தடி தூரத்தில் இருந்தது. போய்ச் சொல்லியிருக்கலாம். மறுநாளைய ட்ரம்களையெல்லாம் நிறுத்தி இருமடங்கு நேரம் வேகவைத்திருப்பார்கள். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். கடலைத் தண்ணீர் வரைக்கும் போய் நிற்கும். வேலை போய்விடும்.

நான் பாயிடம் தணிந்த குரலில், "உங்க பொண்ணோட ட்ரம்மை மட்டும் ரெண்டு தடவை போடுங்கோ" என்றேன். ஏன் என்று அவர் கேட்டார். துணி ஈரமாக இருக்கிற மாதிரி தோன்றியது என்றேன். அவர் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். பிறகு போய் அப்படியே செய்தார்.

மகள் பிழைத்தாள். ஆண் குழந்தை. தைத்த இடம் சுத்தமாக ஆறியது.

அன்றைக்கே அறுவை நடந்த இன்னொரு பெண்ணும் இருந்தாள். அடையாற்றுக் கரைக் குடிசையிலிருந்து வந்தவள். அவளுடைய ட்ரம் வழக்கம்போல் ஒரே தடவைதான் வெந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது, ஒன்பதாம் நாள் இறந்தாள். அவள் புருஷன் வராந்தாவில் துணி மூட்டையுடன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவனைக் கடந்துதான் என் அறைக்குப் போக வேண்டும். கடந்து போனேன்.

அதற்குள் இறைச்சிச் சாற்றில், நல்ல சூட்டில் புது நூல்கள் தயாராகியிருந்தன. இவை கொதிநீரைத் தாங்கின. ட்ரம்மில் வைத்தபோது நீராவியையும் தாங்கின. சாறு கலங்கியதும் டாக்டரிடம் காட்டினேன். மெஷினைப் பிரித்தார்கள். காற்றை வெளியேற்றும் வால்வு அடைத்திருந்தது; அதனால் நீராவி ட்ரம்முக்குள் சரியாகப் புகவில்லை. எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. நல்லவேளை கண்டுபிடித்தாய் என்று டாக்டர் என் தோளைத் தட்டினார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அந்த ட்ரம்மினால்தான் செத்தாளா என்பதை இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. வெகுகாலம் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

வால்வை மாற்றிய அன்று மாலை பாய் ட்ரம்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அன்னிக்கு அல்லாத்தையும் ரெண்டு தபா போடச் சொல்லியிருக்கலாமே."

அவர் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. மகள் பிழைத்த நன்றிக்காகத்தான் அந்த மௌனம் என்று எனக்குத் தெரியும். அது அவருக்கும் சுமையாக இருந்திருக்கும்.

அதன்பின் இறைச்சியை நானே கொத்தினேன். கொதிநீர்ச் சோதனையை ஒரு தடவைகூட விடவில்லை. ஒவ்வொரு மாதமும் பாய் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பார். கேலி எதுவும் கிடையாது. நாங்கள் இன்னும் எட்டு வருஷம் ஒரே அறையில் வேலை செய்தோம். அத்தனை வருஷமும் அவர் என்னை சார் என்றுதான் கூப்பிட்டார்.