நாகரிகமான மொழியில் பதிவிடவும்

அந்த மழையில் எதிர்வீட்டு அத்தையின் கணவரை நாங்கள் நால்வர் கட்டிலோடு தூக்கி, எங்கள் மாடிக்குக் கொண்டுவந்தோம். பக்கவாதம் வந்து படுத்தவர். விடிவதற்குள் நனைந்து குளிரில் விறைத்துப்போயிருந்தார். காலையில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. தெருவில் மார்பளவு தண்ணீர். அவசர எண் எதை அழுத்தினாலும் லைன் பிஸி. அப்போதுதான் வெள்ள உதவிக்கென்று அரசுத் துறை ஒன்று நடத்திய பக்கம் என் போனில் வந்தது. "உதவி வேண்டுவோர் இங்கே பதிவிடலாம்" என்றிருந்தது. அதை நம்பினோம்.

அத்தைக்குத் தட்டச்சு வராது. மைக்கை அழுத்திப் பேசினால் போனே எழுதிவிடும். தன் பேரன் கற்றுக்கொடுத்தபடி தன் போனை வாயருகே வைத்துப் பேசினார்: "நைனா, எங்க வூட்டுக்காரு மூச்சு வுட முடியாம கெடக்குறாரு. டோல்கேட் பின்னாடி தெரு பூரா தண்ணி. போட்டு அனுப்புறியா இல்லியா, சொல்லு." கீழே தெருப் பெயரையும் கதவு எண்ணையும் நான் சேர்த்துவிட்டேன்.

மதியம் பதில் வந்தது. அத்தை கேட்ட படகைப் பற்றி ஒரு சொல் இல்லை. "அலுவலர்களை ஒருமையில் அழைக்க வேண்டாம். நாகரிகமான மொழியில் பதிவிடவும்." கொஞ்ச நேரத்தில் அத்தையின் பதிவையே மறைத்துவிட்டார்கள். எங்கள் வட சென்னையில் நைனா என்பது திட்டு அல்ல. பெற்ற பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவோம், கெஞ்சும்போதும் அப்படித்தான் கூப்பிடுவோம். சாகக் கிடப்பவருக்குப் படகு கேட்க மேடைத் தமிழ் வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? நான் அதையே "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கி மறுபடி எழுதினேன். "தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று உடனே வந்தது. படகு மட்டும் வரவில்லை.

மறுநாள் ராயபுரத்து மீனவப் பையன்கள் தங்கள் ஃபைபர் படகைத் தெருவுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். யாரும் அவர்களை அனுப்பவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருக்கலாமே என்றார். அத்தை என் முகத்தைப் பார்த்தார். அந்த வாரமே அவர் கணவர் போய்விட்டார்.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் அதே பக்கத்தில் ஒரு வீடியோ. லுங்கி கட்டிய ஒருவர் கடற்கரையில் நின்று, "இன்னா மாமு, மழ வர்து, பேஜாராவாத, டார்ச்சு லைட்ட ரெடியா வெச்சுக்கோ" என்கிறார். வட சென்னை பாஷையில் கலக்குறாங்கப்பா என்று ஆயிரக்கணக்கானவர்கள் சிரித்திருந்தார்கள். நாகரிகம் பேசிய அதே பக்கம்தான். எங்கள் வாயிலிருந்து வந்தால் அசிங்கம், அவர்கள் காசு கொடுத்துப் பேசவைத்தால் விளம்பரம்.

பேரன் அதை அத்தைக்கு அனுப்பியிருந்தான். அவர் என் வீட்டுக்கு வந்து, இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். பிறகு மைக்கை அழுத்தி, அதன் கீழேயே பேசினார்: "அன்னிக்கி இதே பாஷயிலதான் நைனா போட்டு அனுப்பச் சொல்லி கேட்டேன். எங்க வூட்டுக்காரு செத்துட்டாரு."

இந்த முறை மறைக்கவில்லை. சாயங்காலம் பார்த்தபோது, அதற்கும் பத்துப் பதினைந்து பேர் சிரிக்கும் முகம் போட்டிருந்தார்கள்.