கதவுக்கு மேலே இருந்த எழுத்து

சென்ற மாதம் உரம் வாங்கக் கல்முனைக்குப் போனேன். எழுத்துப் பழகி ஏழு மாதம்தான் ஆகிறது. அறுபத்தாறு வயதில் எனக்கு இப்போது ரோடு முழுக்கப் பெருநாள். பஸ்ஸின் நெற்றி, புடவைக் கடைப் பலகை, சோடாப் போத்தல், ஒன்றையும் விடுவதில்லை. பள்ளிவாசல் கரும்பலகைக்கு முன்னாலும் நின்றேன். "ஜ-னா-சா" என்று சத்தமாகக் கூட்டினேன். தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ செய்துகொண்டிருந்தவர் சிரித்தார். அடுத்த வரியையும் தடக்காமல் வாசித்துவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்தேன். அதற்குப் பிறகுதான் வாசித்தது விளங்கியது. அது மரண அறிவித்தல்: ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்த டிஸ்பென்சர் இஸ்மாலெப்பை.

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம், கசிப்பென்ற கள்ளச்சாராயம் குடித்து வயல் வரம்பில் கிடந்த நற்பிட்டிமுனை மீராசாகிபு நான்தான். அந்தக் காலம் குடிகாரனுக்கென்று எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டில் கிடையாது. டிஸ்பென்சர் என்னைத் தாங்கிப் பிடித்து ஒரு புது வீட்டுக்குக் கொண்டுபோனார். சுண்ணாம்பு வாசம் போகாத வீடு. கதவுக்கு மேலே சீமெந்தில் ஏதோ எழுத்து. அரசாங்கம் கட்டிய ஆஸ்பத்திரி வாட்டு, அதன் பெயர்தான் மேலே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உடம்பெல்லாம் பூரான் ஊர்வதாகக் கத்தினேன். என் அண்ணன், மூத்த காக்கா, வந்து புத்தி சொல்லத் தொடங்கினார். டிஸ்பென்சர் தடுத்தார். "முதல்ல நடுக்கம் போகட்டும் காக்கா. புத்தி எங்க ஓடப் போகுது?" கஞ்சியை அவரே ஊட்டினார்.

பன்னிரண்டாம் நாள் எழுந்து நடந்தேன். சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை. கடற்தொழில் செய்யும் சின்னராசாவைக் கூட்டி வந்தேன். பிறகு அவன் மச்சானை. பிறகு யார் யாரையோ.

"இன்னும் ஒராள் இரிக்கான். இடம் இரிக்கா?"

"நீ என்ன, குடிகாரர் சங்கத்துக்குத் தலைவரா? கூட்டி வா, பாய் விரிப்பம்."

ஓர் அறையில் தொடங்கியது கூடத்துக்கு வந்து, விறாந்தையையும் பிடித்தது. நான் கூசாமல் சொன்னேன்: "வாட்டைப் பெருப்பிக்கச் செல்லுங்களேன். அரசாங்கத்துக்கு என்ன குறை?" அவர் "செல்லிப் பாப்பம்" என்று சிரித்தார். இரண்டு வருடம் அப்படி நடந்தது. பிறகு நாட்டில் பிரச்சினை கூடி, ஆட்கள் வருவது நின்றது. நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். பழக்கத்தில் நிமிர்ந்து எழுத்தைக் கூட்டினேன். மர்-ழி-யா. மர்ழியா இல்லம். மர்ழியா அவருடைய ஒரே மகள். நம் பக்கத்தில் வீட்டைக் கட்டி மகளுக்குக் கொடுத்துத்தானே கல்யாணம்! அந்தக் கல்யாண வீட்டின் தரையில் நான் வாந்தி எடுத்திருக்கிறேன்.

அவளே கதவைத் திறந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

"இப்பதான் வழி தெரிஞ்சிச்சா மாமா?"

"மகள், இது உங்கட வீடா?"

"ஓம். ரெண்டு இடத்தால பொண்ணு கேட்டு வந்தாங்க. கசிப்புக்காரன் படுத்த வீட்டில எங்கட மகன் எப்படிக் குடியிருப்பான் எண்டு போயிட்டாங்க. எல்லாரையும் அனுப்பிடவா எண்டு வாப்பா என்னட்டக் கேட்டார்."

"நீங்க என்ன சென்னீங்க?"

"அந்த நேரம் பாத்து நீங்க ஒராளைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நிண்டீங்க. நான் என்னத்தச் செல்ல? பாயை எடுத்துக் குடுத்தன்."

அதற்குப் பிறகு யாரும் கேட்டு வரவில்லை என்பதை நான் கேட்காமலே விளங்கிக்கொண்டேன். தேத்தண்ணி தந்தாள். குடித்தேன்.

வாசிக்கத் தெரியாமலே மௌத்தாகியிருந்தால், அந்த வீட்டை அரசாங்கத்தின் வாட்டு என்றே சொல்லிக்கொண்டு போயிருப்பேன். இதை எழுத எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. டிஸ்பென்சர் எனக்குத் தந்தது நடுங்காத கை. பேனை பிடிக்க முடிந்ததும் அதனால்தான். அந்தக் கைக்கு விலை கொடுத்தவளின் பெயரை அதே கையால் இங்கே எழுதி வைக்கிறேன்: மர்ழியா.