அளவுக்கு வைத்த நட்சத்திரம்

கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, தூங்காத கண்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தன் கைக்கடிகாரத்தைப் பிளாட்பாரக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"வாட்ச் ஓடலையாக்கா?" என்றேன்.

"ஓடுது தம்பி. எதை நம்புறதுன்னுதான் தெரியல."

வானத்திலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அலைகளின் பிரகாசத்தை அளப்பது அவர் வேலையாம்.

"மாறாத ஒண்ண வச்சுத்தானே மத்தத அளக்கணும்? அதுக்கு ஒரு நட்சத்திரம் வச்சிருந்தோம். அது மாறாதுன்னு எழுதிக் குடுத்ததே நான்தான். இப்ப பார்த்தா, அதுவே கொஞ்சம் கொஞ்சமா மங்குது லா."

"அப்ப அத வச்சு அளந்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் பிரகாசமாகுதுன்னு சொல்லிட்டோம். அத நம்பி நாலு பேரு டாக்டர் பட்டமே வாங்கிட்டாங்க."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"இமெயில் எழுதிட்டேன். இன்னும் அனுப்பல."

சுபாங் ஜெயாவில் இறங்கிப் போய்விட்டார். அனுப்பினாரா, தெரியாது.

நான் கிள்ளானில் ஒரு கிளினிக்கில் ரத்தம் சோதிப்பவன். மறுநாள் காலை, இயந்திரம் சரியா என்று பார்க்க, வழக்கம்போல், அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவத்திலிருந்து ஒரு சொட்டை அதில் விட்டேன். புட்டியில் அச்சடித்த எண்ணே திரையிலும் வந்தது. எப்போதும் உடனே முதல் நோயாளியைக் கூப்பிட்டுவிடுவேன். அன்று, இந்த எண்ணை எதை வைத்து அளந்தார்களோ என்று, புட்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். வெளியே மூன்று பேர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.