சாத்தூர் தனுஷ்கோடியின் கேள்விகள்

நாரணாபுரம் விலக்கில் பட்டாசுக்கடை வைத்திருக்கும் தங்கச்சாமி அண்ணாச்சியிடம் நீங்கள் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேச்சுக் கொடுக்கலாம். பூச்சட்டி ஒரு பெட்டி வாங்க வந்த கோயம்புத்தூர்க்காரரிடம் மழையில் ஆரம்பித்து, அவருடைய மருமகளின் சமையல்வரை விசாரித்துவிட்டுத்தான் பில் போடுவார். டீக்கடையில் அவர் வாயைத் திறந்தால் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் உண்டு. அப்பேர்ப்பட்ட மனுஷருக்குப் பெற்ற மகனிடம் மட்டும் பேச்சு வராது.

சண்டையா என்றால் சண்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்ள அம்மா என்று ஒருவர் இருந்தார், அவ்வளவுதான் விஷயம். மகன் மகேஷ்குமார் எஞ்சினியரிங் முடித்து ஜப்பானுக்குப் போய், நகோயா பக்கம் ஒரு மெஷின் கம்பெனியில் சேர்ந்தபோதும் அந்த ஏற்பாடு மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். பொன்னுத்தங்கம் அம்மாள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "அப்பா கேக்குறாக, அங்கன ரொம்பக் குளிருதான்னு" என்பார். அண்ணாச்சி ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். பேப்பருக்குப் பின்னால் ஒரே பக்கத்தை அரைமணி நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் கேட்க நினைத்து விழுங்கியதையெல்லாம் அவர் பேரைச் சொல்லி அந்த அம்மாளே கேட்டுக் கேட்டு வாங்கிக் கொடுப்பார்.

ஒரு பங்குனியில் பொன்னுத்தங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. மகேஷ் வந்தான், காரியமெல்லாம் முடியும்வரை இருந்தான், லீவு தீர்ந்ததும் போனான். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை போன் நிற்கவில்லை. வந்த போனில் இருந்தது இவ்வளவுதான்:

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ம். நீ?"

"ம். மழை உண்டா?"

"இல்ல."

"சரி, வைக்கிறேன்."

"நல்லாரு. வேலையப் பாரு."

வைத்த பிறகு அண்ணாச்சி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார். மனைவி போனதில் வீடு பாதி காலி. இந்த போன் வைத்ததும் மீதியும் காலியானதுபோல் இருக்கும்.

கடையில் பில் போடும் கற்பகவல்லிதான் ஒருநாள் தன் போனை அவர் முன்னால் நீட்டினாள். சீசன் முடிந்து, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரம்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. நம்ம மகேசு யூடியூப்ல பேசுறாரு."

"யாரு, அவனா? அவன் எங்க பேசப்போறான்?"

பேசினான். 'நம்ம ஊரு கண்ணுல ஜப்பான்' என்று பேர் வைத்துக்கொண்டு, கையை ஆட்டி, சிரித்து, மடை திறந்த மாதிரி பேசினான். அண்ணாச்சி முதலில் கவனித்தது அவன் மெலிந்திருந்ததை. அடுத்தது, 'இருக்காக' எல்லாம் 'இருக்காங்க' ஆகியிருந்ததை. அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் முழுசாகப் பார்த்தார். பிறகு, "முன்னால போட்டதும் இருக்குமா?" என்று கேட்டார். இருந்தது, நிறைய இருந்தது.

அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு ஜப்பான்தான் சோறு தண்ணி. அந்த நாட்டு ரயிலைப் பற்றி மகன் சொன்னான்: "பெட்டி நிறைய ஆளு, ஒரு குரல் கிடையாது. யார் போனாவது அடிச்சா அவரு குத்தம் பண்ணினவர் மாதிரி நெளியுறாரு. மொதல்ல எனக்கு இது பெரிய நாகரிகமாத் தெரிஞ்சது. இப்பல்லாம் யாராவது சத்தமா ஒரு தும்மல் போட்டாக்கூடப் பரவாயில்லன்னு தோணுது." குப்பையைப் பற்றிச் சொன்னான். எரிகிற குப்பைக்கு ஒரு கிழமை, பாட்டிலுக்கு ஒரு கிழமை; பாட்டிலின் லேபிளைக் கிழிக்காமல் போட்டதற்காக, பக்கத்து வீட்டு அம்மா அவன் பையை அப்படியே அவன் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டார்களாம். "ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா அப்பவே பழகியிருப்போம்."

மனிதர்களைப் பற்றியும் அவனுக்கு ஒரு கட்சி இருந்தது. "இங்க உதவின்னு கேட்டுட்டா உயிரைக் கொடுத்துச் செய்வாங்க. ஆனா கேக்கணும். கேக்காம வந்து எட்டிப் பாக்க மாட்டாங்க. நம்ம ஊர்ல கேக்காமலே வந்து எட்டிப் பாப்பாங்க. கேட்டாத்தான் ஆளக் காணாது." இதைக் கேட்டு அண்ணாச்சி தொடையில் தட்டிச் சிரித்தார். மகன் பேச்சுக்குத் தான் சிரிப்பது இதுதான் முதல் தடவை என்பது சிரித்து முடித்த பிறகுதான் அவருக்குத் தோன்றியது.

பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பேச வைத்தது பட்டாசு. ஜப்பானில் கோடைகாலத்தில் ஆற்றங்கரையில் வாணவேடிக்கை நடக்குமாம். ஜனங்கள் பாய் விரித்து உட்கார்ந்து, மேலே ஒவ்வொன்றாகப் பூப்பதைப் பார்த்து மெதுவாக ஒரு பெருமூச்சு விடுவார்களாம். முடிந்ததும் அவரவர் குப்பையை அவரவர் எடுத்துப்போவார்களாம். "நம்ம ஊர்ல பட்டாசுன்னா காதுக்கு, இங்க கண்ணுக்கு. எனக்கு இதுதான் சரின்னு படுது" என்று முடித்தான். நாரணாபுரத்தில் பிறந்து, பட்டாசு விற்ற காசில் படித்தவன் சொல்லுகிற பேச்சா இது? அண்ணாச்சிக்குச் சுருக்கென்றது.

"கற்பகம், இதுக்கு நான் பதில் எழுதணுமே."

கற்பகவல்லி அவர் போனில், விரலால் எழுதினால் எழுத்தாகிற வசதியைப் போட்டுக் கொடுத்தாள். "பேரு என்ன போட அண்ணாச்சி?"

எதிரே நின்ற லோடு வண்டியின் பின்னால் 'தனுஷ்கோடி, சாத்தூர்' என்று எழுதியிருந்தது. "அதப் போடு."

"பெத்த பிள்ளைட்டப் பேச எதுக்கு வேற பேரு?"

"என் பேருல கேட்டா 'ம்' தான் வரும்."

அண்ணாச்சிக்குக் கை வெறும் தாளில் இறங்கினால் முதலில் பிள்ளையார் சுழிதான் விழும். பில்லானாலும் சரி, பால்காரருக்கு எழுதும் சீட்டானாலும் சரி. திரையிலும் அப்படியே விழுந்தது.

'உ
தம்பி, நான் சாத்தூர். சத்தம் இல்லாத பட்டாசை எவன் வாங்குவான்? வெடிச்சா நாலு தெரு திரும்பிப் பார்க்கணும். கண்ணுக்கு மட்டும் போதும்னா சீரியல் பல்பு வாங்கிக் கட்டிக்கிடலாமே.'

பதில் அன்றைக்கே வந்தது, அதுவும் பத்தி பத்தியாக. 'நல்ல கேள்வி அண்ணே. சத்தம் எனக்குப் பிடிக்காமப் போனதுக்குக் காரணம் இருக்கு. எங்க ஊர்ல தீபாவளி இல்லாத நாள்ல பெருசா ஒரு சத்தம் கேட்டா எல்லாரும் தெருவுக்கு வந்து எந்தப் பட்டாசு ஆலைப் பக்கம் புகைன்னு பார்ப்பாங்க. வேலைக்குப் போன நம்ம ஆளு யாருன்னு மனசு எண்ணும். இங்க வந்த முதல் வருஷம் ஒருநாள் சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டு செருப்பில்லாம வெளியே ஓடிட்டேன். பக்கத்து வீட்டம்மா பாயும் கையுமா வேடிக்கை பார்க்கப் போய்க்கிட்டு இருந்தாங்க.'

அண்ணாச்சி அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஜப்பானில் தன் பிள்ளை செருப்பில்லாமல் தெருவில் நின்றிருக்கிறான். போனில் அதை ஒருநாளும் சொன்னதில்லை. சாத்தூர்க்காரன் ஒருவன் கேட்டதும் சொல்லிவிட்டான்.

பிறகென்ன, வாராவாரம் சாத்தூர் தனுஷ்கோடி கேள்வி கேட்டார். அங்கே நல்ல அரிசி கிடைக்குமா, காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி யார் வைப்பார்கள், கம்பெனியில் மேலதிகாரி சத்தம் போடுவாரா. எல்லாவற்றுக்கும் அவன் பதில் எழுதினான். பெற்ற அப்பனை மகன் 'அண்ணே' என்றான், மகனை அப்பன் 'தம்பி' என்றார். முறை கந்தலானாலும் பேச்சு ஓடியது. காலையில் போனில் 'ம்' சொன்ன அதே இரண்டு பேர் சாயங்காலம் மீன் விலையைப் பற்றி நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார்கள்.

'உ
வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா யாரோட பேசுவீங்க தம்பி?' என்று ஒருமுறை கேட்டிருந்தார்.

'இந்த ஊர்க்காரங்களும் நம்மள மாதிரியே கிளம்பும்போது போறேன்னு சொல்ல மாட்டாங்க அண்ணே. போயிட்டு வர்றேன்தான். திரும்பி வந்தா வந்துட்டேன்னு சொல்லுவாங்க, உள்ள இருக்கவங்க வாங்கம்பாங்க. நான் தனி ஆளு. ஆனாலும் கதவைத் திறந்ததும் தமிழ்லயே வந்துட்டேன்னு சொல்லிருவேன். சொல்லாட்டி யாரோ வீட்டுக்குள்ள நுழையுற மாதிரி இருக்கு.'

அன்று அண்ணாச்சி கடையைப் பூட்டி வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, கூச்சத்தோடு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வந்துட்டேன்" என்றார். பொன்னுத்தங்கத்தின் படம் சுவரில் இருந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் 'ஜப்பான்ல வீடு வாங்கலாமா?' என்று ஒரு வீடியோ வந்தது. அந்த நாட்டுக் கிராமங்களில் பூட்டிய வீடுகள் நிறைய என்றான் மகேஷ். "பெரியவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. பிள்ளைங்க டோக்கியோவுல. முதல்ல லீவுக்கு வருவாங்க, அப்புறம் வர்றதில்ல. பாக்கப் பாவமா இருக்கு. வாங்க ஆளில்லாம சல்லிசா விக்கிறாங்க. நானே ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன் மக்களே."

அண்ணாச்சி வீடியோவை அங்கேயே நிறுத்தினார். வாடகை வீட்டில் இருக்கிறவன் என்றைக்காவது பெட்டியைக் கட்டுவான். சொந்தமாக வாசல் வைத்தவன் எதற்குத் திரும்பப்போகிறான்? அவர் வீட்டு மாடியில் மகேஷுக்கென்று கட்டிய ரூம் இருந்தது. அதுவும் பூட்டித்தான் கிடந்தது.

"வேண்டாம்னு எழுதுங்க அண்ணாச்சி. சாத்தூர்க்காரர் சொன்னாக் கேப்பாருல்ல" என்றாள் கற்பகவல்லி.

எழுதினார், அழித்தார். 'ஊருக்கு வாங்க தம்பி' என்று எழுதி அதையும் அழித்தார். அவன் அங்கே காலூன்றி நல்லபடியாக இருக்கும்போது வா என்று இழுப்பது தன் தனிமைக்காக அவன் வாழ்வைக் கெடுப்பதாகும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. நெஞ்சு முழுக்க வா வா என்று அடித்துக்கொண்டிருக்க, விரல் இப்படி எழுதியது:

'உ
நல்ல யோசனை தம்பி. வாசல் கிழக்குப் பார்த்து இருக்கட்டும். கிணறு இருந்தா மூடி போட்டிருக்கான்னு பாருங்க.'

மறுநாள் கற்பகவல்லிதான் பதிலை வாசித்தாள். வாசித்துவிட்டு போனை அவர் பக்கம் திருப்பினாள்.

"அண்ணாச்சி, நீங்களே பாருங்க."

'உ
வாசல் கிழக்குதான்ப்பா. கிணறு இல்ல.'

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். சுழி அங்கேயேதான் இருந்தது. 'ப்பா'வும் இருந்தது.

"இவனுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"மொத நாளே தெரிஞ்சிருக்கும். யூடியூப்ல வந்து பிள்ளையார் சுழி போடுற ஆளு வேற யாரு?"

முதலில் அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊர் பார்க்க வேஷம் கட்டி ஆடி, மகனிடமே மாட்டிக்கொண்டாயிற்று. அந்த வாரம் போனையே அவர் தொடவில்லை. ஒருநாள் மத்தியானம் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் மற்றது உறைத்தது. தெரிந்துதானே அத்தனையும் சொல்லியிருக்கிறான்? செருப்பில்லாமல் ஓடியதையும், ஆளில்லாத வீட்டில் வந்துட்டேன் என்று சொல்வதையும் சாத்தூர்க்காரனுக்கா சொன்னான்? அப்பாவுக்குத்தானே சொன்னான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. மகனுக்கு அவரே போன் போட்டார். இதுவரை அவராகப் போட்டதே கிடையாது.

"என்னப்பா? உடம்புக்கு என்ன?" மகன் பதறினான்.

அண்ணாச்சிக்கு வழக்கமான 'ம்' தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "நான்... சாத்தூர் தனுஷ்கோடி பேசுறேன்" என்றார்.

அந்தப் பக்கம் மகன் மெல்லச் சிரித்தான். "சொல்லுங்கண்ணே. இப்பத்தான் வேலை முடிஞ்சு வந்தேன். என்ன கேக்கணும்?"

"அந்த வீட்ட வாங்கிட்டீகன்னா, பெறகு ஊருக்கு வரவே மாட்டீகளோ?"

கற்பகவல்லி பெட்டிகளை அடுக்குவதை நிறுத்திவிட்டாள்.

"வரணும்னுதான் இருக்குண்ணே" என்றான் மகேஷ். குரலில் யூடியூப் கழன்று விழுந்து ஊர் வந்திருந்தது. "அம்மா இருந்தவரைக்கும் வா, வான்னு சொல்லுவாக. எங்க அப்பா நல்லாரு, வேலையப் பாருன்னுதான் சொல்லுதாக. ஒரு தடவகூட வான்னு கூப்பிடலையே."

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். சாத்தூரும் தனுஷ்கோடியும் எங்கே போனார்களோ தெரியாது.

"ஏலே மகேசு," என்றார். "கூப்பிடுறேம்லே. உங்கப்பன் கூப்பிடுறேன். வாலே."

பட்டாசு விற்கிற தொண்டை அது. எதிர் டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.