ஊரே யோசனை சொன்ன இஞ்சின்

“நீங்களாவது சொல்லுங்க, தோன் அனீபல். பிரிச்சு வேலை பாக்கலாமா, இல்ல இதக் கடாசிட்டு வேற இஞ்சின் வைக்கலாமா?”

அவில்டா உள்கண்ணாடியைப் பார்த்துக் கேட்கிறாள். பெரியவர்களுக்குப் போடும் ‘தோன்’ போட்டு மரியாதையாகக் கேட்டும் அனீபல் வாய் திறப்பதில்லை. பித்தளைப் பிடி போட்ட பெட்டிக்குள் கைகளைக் கோத்துக்கொண்டு படுத்திருக்கிறார். இறந்து இரண்டு நாளாகிறது. கறுப்பு வண்டி மணிக்கு இருபது மைல் வேகத்தில் புவெர்த்தோ ரிக்கோவின் மலையூரான கயேயின் கடைத்தெருவைக் கடக்கிறது. பின்னால் வரும் உறவுக்காரர்கள் அவள் உதடு அசைவதைப் பார்த்து, பாவம், ஜெபம் சொல்கிறாள் என்று நெகிழ்ந்துபோகிறார்கள்.

ஐம்பத்தாறு வயது. ஐந்தடி உயரம், இருக்கையில் ஒரு தலையணை போட்டால்தான் சாலை தெரியும். பெரியப்பா மகன் எலியேசர் நடத்தும் இறுதிச் சடங்கு நிலையத்தில் பதினான்கு வருஷமாகச் சவ ஊர்தி ஓட்டுகிறாள். வெள்ளைக் கையுறை போடச் சொல்லி எலியேசர் வற்புறுத்துவதை மரியாதை என்று துக்க வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது அவள் நகக்கண்களில் இறங்கிப்போன கிரீஸை மறைக்க. வாரம் முழுக்க அப்படி ஊர்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கி சலினாஸ் பந்தயத் தடத்துக்குப் போவாள், தன் சிவப்பு ஜப்பான் காரில். இரண்டே இருக்கை. பொத்தானைத் தட்டினால் இமை திறந்து எழும்பும் முன்விளக்குகள். அதன் இஞ்சினில் மேலும் கீழும் குதிக்கும் பிஸ்டன் கிடையாது. முட்டை வடிவ அறைகளுக்குள் இரண்டு முக்கோணச் சுழலிகள் சுற்றும். நிற்கும்போது சோளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். புவெர்த்தோ ரிக்கோவில் அந்தச் சத்தத்துக்காகச் சோறு தண்ணியில்லாமல் அலைகிறவர்கள் ஏராளம். அவில்டா அவர்களில் மூத்த கிறுக்கு.

அந்த இஞ்சின்தான் பிப்ரவரியில் போனது. போக்கியது அவள்தான்; அதை ஒருநாளும் அவள் மறுத்ததில்லை. புறப்படும் கோட்டில் பக்கத்தில் நின்ற அமெரிக்கக் கார்க்காரன் கண்ணாடியை இறக்கி, “அம்மா, கொஞ்சம் ஓரமா ஓட்டுங்க, இது சாவு ஊர்வலம் இல்ல” என்றிருக்கிறான். பாதித் தூரத்தில் தண்ணீர்க் குழாய் பிய்ந்தது. வெப்பமானியின் முள் ஏறுவதைப் பார்த்தாள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. ஒரு கார் நீளத்தில் ஜெயித்தாள். கோட்டைத் தாண்டியதும் வெள்ளைப் புகைக்குள் மறைந்துபோனாள்.

அதிலிருந்து இஞ்சின் அவள் வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு பழைய டயர்மேல் குந்தியிருந்தது. ஊருக்கு வேலை வந்தது. ரொட்டிக் கடைக்காரர் புது இஞ்சின்தான் தீர்வு என்றார். முடிதிருத்துகிறவர், பிரித்துச் சீல் மாற்றினால் போதும் என்றார். அமாதேயோ பாதிரியார் கல்லறையில் ஒரு ஜெபத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் குனிந்து, “வித்துட்டு ஒரு நல்ல ஆட்டோமேட்டிக் வாங்கு, மகளே” என்று கிசுகிசுத்தார். அவில்டா எல்லோருக்கும் ஒரே பதிலை வைத்திருந்தாள்: “அதேதான் நானும் நெனச்சேன்.” ஜூன் மாதத்துக்குள் ஊரில் ஏழு பேர் அவள் தன் யோசனையைத்தான் கேட்டாள் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரரும் முடிதிருத்துகிறவரும் இதனால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவளுக்கு அதில் ஒரு திருப்தி.

தம்பி நெல்சன் மட்டும் வாயோடு நிறுத்தவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, அடிபட்ட லாரியிலிருந்து கழற்றிய எட்டு சிலிண்டர் இஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கினான். மேலே சிவப்பு ரிப்பன் வேறு.

“என்னடா இது?”

“பரிசு. போட்டுப் பாருக்கா. எண்ணெய் குடிக்காது, சூடாகாது, உன் பேரன் காலம்வரைக்கும் ஓடும்.”

“எனக்குப் பேரனே இல்ல.”

“இந்த இஞ்சினுக்கு அவசரம் இல்ல, காத்திருக்கும்.”

“இதப் போட்டா கார் எப்படிச் சத்தம் போடும்?”

“கார் மாதிரி.”

“அதான் வேண்டாங்கிறேன்” என்றாள். ஆனாலும் திருப்பி எடுத்துப் போகச் சொல்லவில்லை. சாயங்காலங்களில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரண்டு இஞ்சின்களுக்கும் எதிரில் உட்கார்ந்து காப்பி குடிப்பாள். பெண் பார்க்க வந்த இடத்தில் அக்கா தங்கை இருவரையும் காட்டிவிட்டால் திகைப்பார்களே, அந்த முகம்.

மூன்றாவது வழியையும் பார்த்தாள். ஜப்பானிலிருந்து கப்பலில் பழைய இஞ்சின் இறக்கி விற்கும் ஒருவனிடம் போனாள். மரப்பெட்டிக்குள் ஒன்று, அச்சு அசலாக அவளுடையதே. சுற்றிக் காட்டு, அமுக்கம் எவ்வளவு என்று அளந்து பார்க்கிறேன் என்றாள்.

“பொட்டியப் பிரிச்சா உங்களோடது, தோன்யா அவில்டா.”

“பிரிக்காம நான் எப்படிப் பாக்கறது?”

“நம்பணும்.”

“நம்பித்தான் ஒருத்தனக் கட்டினேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அந்த ஒருத்தன் பெயர் சிந்தோ. விஷயம் அங்கேதான் இடித்தது. அவள் காரின் இஞ்சினை முதலில் கோத்தவன் அவன். மலைக்கு அந்தப்பக்கம் குவயாமாவில் பட்டறை வைத்திருக்கிறான்; தெற்குக் கடற்கரை முழுவதிலும் இந்த ரக இஞ்சினைத் திறக்கத் தெரிந்த கை என்றால் அவனுடையது ஒன்றுதான். பிரிந்தபோது வீடு அவனுக்கு, கார் அவளுக்கு என்று பாகம் ஆனது. தனக்குத்தான் லாபம் என்று ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு வார்த்தை கிடையாது. ஆக, பழுதுபார்ப்பது என்றால் சிந்தோவிடம் போக வேண்டும். மாற்றுவது என்றால் அந்தச் சத்தத்தை விட வேண்டும். முதலாவது மானக்கேடு, இரண்டாவது மரணம். அவள் பிணங்களிடம் கேட்டுக்கொண்டே நாளைக் கடத்தினாள்.

ஜூலையில் சிந்தோவின் தாய் தோன்யா ப்ரோவி இறந்துபோனார். தொண்ணூற்றொரு வயது. விவாகரத்துக்குப் பிறகும் மருமகளுக்கு ஈஸ்டருக்கு ஈஸ்டர் தேங்காய் மிட்டாய் அனுப்பிக்கொண்டிருந்த மனுஷி. கயேயில் பிரார்த்தனை, குவயாமாவில் அடக்கம். “வேற டிரைவரப் போடட்டுமா?” என்று எலியேசர் கேட்டார். “அத்தைய நான்தான் கொண்டுபோவேன்” என்றாள் அவில்டா.

பெட்டியை ஏற்றிக் கதவைச் சாத்தினதும், முன்பக்கக் கதவு திறந்தது. சிந்தோ. அவனுடைய வண்டியை அவன் அத்தைமார்கள் நிறைத்துவிட்டார்கள். ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். மலைச்சாலை, சவ ஊர்வலத்தின் வேகம்; ஒரு மணி நேரப் பயணம். முதல் இருபது நிமிஷம் இருவரும் சாலையைப் பார்த்தார்கள். பெட்டிக்குள் இருந்த மாமியாரிடம் கேட்க அன்று அவளுக்கு எந்தக் கேள்வியும் தோன்றவில்லை.

“புகை வெள்ளையா, நீலமா?” என்றான் சிந்தோ, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஊர் அவனிடமும் பேசியிருக்கிறது.

“வெள்ளை. இனிப்பா நாத்தம்.”

“தண்ணி உள்ள போயிருக்கு. ரெண்டு பக்கமுமா?”

“முன்னாடி சுழலி செத்துப்போச்சு. பின்னாடி அமுக்கம் நல்லாருக்கு.”

“முள்ளு ஏறினதப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“கால எடுக்கலியா?”

“பக்கத்து லேன்ல ஒருத்தன் இருந்தான்.”

ஒரு வளைவு கடந்தது. இன்னொன்று.

“ஜெயிச்சியா?”

“ஒரு கார் நீளம்.”

சிந்தோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெற்றவளைப் பின்னால் வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாது என்று அடக்கினான். அடக்க அடக்கத் தோள்கள் குலுங்கின. அவன் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டதைப் பின்வண்டியில் இருந்த அத்தைமார்கள் பார்த்தார்கள். அதுவரை தாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒரே குரலில் அழத் தொடங்கினார்கள். அது முன்வண்டிவரை கேட்டது. அப்புறம் சிந்தோ நிஜமாகவே அழுதான். கைக்குட்டை நனைந்துபோகவே, அவில்டா கையுறையைக் கழற்றி அவன் மடியில் போட்டாள், துடைத்துக்கொள்ள.

மூக்கைத் துடைத்து முடித்ததும் அவன் சொன்னான்: “நெல்சன் சொல்றது தப்பில்ல. அந்த எட்டு சிலிண்டரையே போட்டுடு.”

“என்ன சொன்ன?”

“உன் காலுக்கு அதான் சரி. என் இஞ்சின் நாசூக்கான பொருள். முள்ளப் பாத்தா கால எடுக்கிற ஆளுக்கு.”

அவில்டா பிரேக்கை மிதித்தாள். மெதுவாகத்தான், பெட்டி அசையாமல். மலைச்சரிவில், ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மூங்கில் காடு; சவ ஊர்தி நின்றது, பின்னால் பதினெட்டு கார்கள் நின்றன.

“இறங்கு.”

“அவில்டா. அம்மா இருக்காங்க.”

“அத்தை என்னோட வருவாங்க. நீ இறங்கி நட.”

“எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். அது உன் இஞ்சினா? இருவது வருஷமா எண்ணெய் ஊத்தினவ யாரு? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கால எடுக்கல. அதுக்கு லாரி இஞ்சினா எனக்கு?”

பின்னாலிருந்து யாரோ தயங்கித் தயங்கி ஹார்ன் அடித்தார்கள். சிந்தோ கைப்பிடியைப் பிடித்தபடி யோசித்தான். பிறகு கதவிலிருந்து கையை எடுத்தான்.

“செவ்வாய்க்கிழமை கொண்டு வா. பிரிச்சுப் பாப்போம்.”

“நான் பிரிப்பேன். நீ பாக்கலாம்” என்றாள் அவள். வண்டி நகர்ந்தது. ஐந்து மாதம் யாராலும் முடிக்க முடியாத விவகாரம் அங்கே முடிந்தது.

செவ்வாய்க்கிழமை அவளும் நெல்சனும் இஞ்சினைத் தூக்கிக் கறுப்பு வண்டியிலேயே ஏற்றிக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். எலியேசரிடம் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பார். வழியில் கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு போலீஸ்காரர் மற்ற வண்டிகளை நிறுத்தி வழிவிட்டு, மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். அவில்டா கையுறை அணிந்த கையைச் சற்றே உயர்த்தி அதை ஏற்றுக்கொண்டாள்.

பட்டறையில் அவள் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். சிந்தோ சொன்னது போலத்தான். முன்னறை சூட்டில் வளைந்திருந்தது. சுவரில் நகத்தால் கீறின மாதிரிக் கோடுகள். சுழலியின் ஒரு முனைச்சீல் உடைந்து காணாமல் போயிருந்தது. பின்னறை கண்ணாடியாக மின்னியது. பாதி இஞ்சினைக் காப்பாற்றலாம். மறுபாதிக்கு ஒரு நல்ல அறை வேண்டும், அது கடையில் கிடைக்கிற பொருளல்ல. சிந்தோ உள்ளே போனான். குளியல் துண்டில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். தன் காருக்கென்று எடுத்துவைத்திருந்த அறை. அவில்டா தான் போட்டிருந்த கறுப்புக் கோட்டில் கையைத் துடைத்துக்கொண்டு, விரல்நுனியால் அதன் உட்சுவரை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள். நன்றி சொல்லவில்லை. மறுவாரம் நெல்சனின் எட்டு சிலிண்டரை ரிப்பனோடு கொண்டுவந்து பட்டறை வாசலில் இறக்கினாள். அது சிந்தோவின் பழைய பிக்கப் வண்டியில் போய் உட்கார்ந்தது. நெல்சன் இன்றைக்கும் தன் யோசனைதான் வென்றது என்கிறான்.

ஆறு செவ்வாய்க்கிழமைகள் ஆயின. நெல்சன் காரை இழுத்து வந்தான். இஞ்சின் அதில் ஏறியது. சாவியைத் திருகியதும் இரண்டு தடவை இருமியது, மூன்றாம் தடவை பட்டறைத் தகரமெல்லாம் அதிரப் பொரியத் தொடங்கியது. எதிர்ச் சாரியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிந்தோ ஜன்னல் வழியாகக் கையை விட்டு, இஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் சுற்றுமானியில் நாலாயிரத்துக்கு மேல் தெரியாதபடி நீல டேப் ஒன்றை ஒட்டினான்.

“ஆயிரம் மைல் வரைக்கும் இதத் தாண்டக் கூடாது. தினம் எண்ணெய் பாக்கணும். சூடேறாம நகத்தாத. ஏறினப்புறம் உடனே நிறுத்தாத. சலினாஸ் பக்கம் டிசம்பர் வரைக்கும் தலை வச்சுப் படுக்காத. யாராவது பக்கத்துல வந்து ஏதாவது சொன்னா...”

அவில்டா குனிந்து அந்த டேப்பின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். ஒரே இழுப்பில் உரித்தாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அதைச் சிந்தோவின் உதடுகள்மேல் ஒட்டி, இரண்டு முனைகளையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு, கியரைப் போட்டாள். தெருமுனை திரும்பி அந்தச் சத்தம் தேய்ந்து அடங்கும்வரை அவன் அதைப் பிய்க்காமல் நின்றுகொண்டிருந்தான்.