வடக்குச் சுவரின் வெள்ளை

இராசதுரை ஒஸ்லோவுக்கு வந்த நாளிலிருந்து, பிறர் நடந்த தரையைத் துடைப்பதே அவருக்கு வாய்த்த தொழில். பேருந்துப் பணிமனை, பாடசாலை, அலுவலகம் என்று இடங்கள் மாறினவே தவிர, வாளியும் துடைப்பமும் மாறவில்லை. அறுபதை நெருங்கிய வயதில் முழங்கால் படியேற மறுத்தது. அப்போது, நகரத்தின் ஓரத்தில் ஒரு மேட்டின்மீது நிற்கும் பழைய கல் தேவாலயத்தை வியாழக்கிழமைதோறும் துப்புரவு செய்யும் வேலையை நிறுவனத்தார் அவருக்குக் கொடுத்தனர். மாடியில்லாத கட்டடம் என்பதே அவர்கள் கண்ட பொருத்தம்.

எண்ணூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட கட்டடம் அது. ரோமனெஸ்க் என்று அறிந்தோர் சொல்லும் பாணி. வளைவுகள் கூர்மை பெறுவதற்கு முந்திய காலத்துக் கொத்தர்களின் கைவேலையாதலால், வாசலும் சாளரமும் உள்ளே பீடத்துக்குப் போகும் வழியும் ஒன்றுபோல அரைவட்டமாக வளைந்திருந்தன. சாளரங்கள் மிகச் சிறியவை. வெளிப்புறம் ஒடுங்கி உட்புறம் அகன்று, வருகின்ற சொற்ப வெளிச்சத்தையும் சிந்தாமல் உள்ளே இறக்கிவிடும்படி அவற்றை அமைத்திருந்தார்கள். நண்பகலிலும் அங்கே ஒரு மங்கல் தங்கியிருந்தது. இராசதுரை சைவர், புருசெத்தில் இருக்கும் தம் வீட்டில் திருநீறு பூசாமல் வெளியே புறப்படாதவர். ஆயினும் அந்த மங்கலில் குனிந்து தரையைத் துடைப்பது அவருக்கு உறுத்தவில்லை.

வேலைக்கு வந்த முதல் நாளே, தேவாலயத்தின் பொறுப்பாளரான எம்மா ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவைத்திருந்தாள்.

“தரை உங்களுடையது, துரை. சுவர் என்னுடையது. சுவரில் கை வைக்கவே கூடாது.”

அவரும் வைக்கவில்லை, மகளின் கலியாணம் வரும்வரைக்கும்.

ஜெனிதா அவருக்கு ஒரே மகள், மருத்துவமனையில் தாதி. ஸ்தவாங்கரில் எண்ணெய் நிறுவனமொன்றில் பொறியியலாளனாக இருக்கும் திலக்சனைத் திருமணம் செய்ய விரும்புவதாக அவள் இலையுதிர்காலத்தில் சொன்னபோது வீடு இரண்டுபட்டது. பையன் யாழ்ப்பாணத்துக் குடும்பம்தான், படித்தவன், குடிக்காதவன். ஆனால் கிறிஸ்தவன், ஊர்ச் சொல்லில் வேதக்காரர் வீட்டுப் பிள்ளை.

“தேவாலயத்திலை பிள்ளையைக் குடுத்துப்போட்டு, நான் என்னெண்டு எங்கடை கோயில் வாசலிலை போய் நிக்கிறது?” என்று கேட்டார் இராசதுரை.

“நீங்கள் வியாழக்கிழமையிலை தேவாலயத்திலைதானே நிக்கிறியள், அப்பா?”

“அது வேலை.”

“இது என்ரை வாழ்க்கை,” என்று சொல்லிவிட்டு, ஜெனிதா பியோர்ண்டாலில் இருந்த தோழியின் வீட்டுக்குப் போய்விட்டாள். குளிர்காலம் முழுவதும் தகப்பனும் மகளும் பேசவில்லை. இடையில் நின்று இருபுறத்துச் சொல்லையும் மென்மையாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் தாய் பூமணி.

பனி உருகத் தொடங்கிய காலத்தில் பூமணி ஒரு செய்தியோடு வந்தாள். திருமணத்துக்கு ஜெனிதா தெரிவு செய்திருந்த இடம், இராசதுரை துப்புரவு செய்யும் அதே கல் தேவாலயம்.

“வேறை இடமே கிடைக்கேல்லையாமோ?” என்றார் அவர்.

“நானும் அதைத்தான் கேட்டனான். ‘அப்பா வரமாட்டார் எண்டால், அவர் துடைச்ச தரையிலையாவது நடந்து போறன்’ எண்டு சொல்லுறாள்.”

இராசதுரை எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர் ஓடும் ஓசை நெடுநேரம் கேட்டது. வெளியே வந்தவர், துவாயால் முகத்தை மூடியபடி, “வாறன் எண்டு சொல்லு,” என்றார்.

தகப்பன் கைப்பிடித்து மணமகளை உள்ளே அழைத்துவரும் வழக்கத்தைத் திலக்சன் வீட்டார் சொன்னபோது, அதற்கும் அவர் ஒப்புக்கொண்டார். ஜெனிதா தொலைபேசியில் அழைத்து, “அப்பா, கோட் போடுவியளோ, வேட்டி கட்டுவியளோ?” என்று மட்டும் கேட்டாள். “வேட்டி,” என்றார்.

பெண்ணைப் பெற்றவனுக்குக் கலியாணத்தில் எத்தனையோ வேலைகள் உண்டு. பந்தல், சமையல், ஐயர், மேளம். இந்தக் கலியாணத்தில் அவருக்கென்று ஒரு வேலையும் இல்லை. எல்லாவற்றையும் ஸ்தவாங்கர்க்காரரும் தேவாலயத்தாருமே பார்த்துக்கொண்டார்கள். அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் வடக்குச் சுவர் அவர் கண்ணில் பட்டது. மணமக்கள் நிற்கப்போகும் வளைவுக்குப் பக்கத்தில், சுண்ணாம்பு பொரிந்து, ஈரத்தில் பச்சை பிடித்து, நடுவில் துரு வழிந்ததுபோன்ற ஒரு செந்நிறக் கறையோடு அந்த மூலை கிடந்தது.

கலியாணம் நடக்கும் வீட்டுக்கு வெள்ளையடிப்பது ஊர் வழக்கம். வெள்ளையடிக்காத வீட்டில் மங்கல காரியம் நடந்தால், அந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லையோ என்று கேட்பார்கள். இராசதுரையும் இளவயதில் தாய்மாமனோடு சேர்ந்து எத்தனையோ வீடுகளுக்கு வெள்ளையடித்தவர். கட்டடப் பொருள் விற்கும் கடையிலிருந்து நீற்றிய சுண்ணாம்பு ஒரு வாளியும், அகலமான தூரிகையும், கம்பிப் பிரஷ் ஒன்றும் வாங்கிவந்தார்.

“இஞ்சாருங்கோ, இதென்ன கூத்து?” என்றாள் பூமணி.

“கலியாண வீட்டுக்கு வெள்ளையடிக்காமல் விடுறதோ?”

“அந்த மனுசியிட்டைக் கேட்டனீங்களோ?”

“கேட்டால் கடுதாசி எழுதி, கூட்டம் கூடி, எங்கடை பேத்தியின்ரை கலியாணத்துக்குத்தான் மறுமொழி வரும்.”

பூமணி சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஆகவே அவள் தடுக்கவில்லை.

எம்மாவின் கட்டளை அவருக்கு மறந்துபோகவில்லை. அது துப்புரவுத் தொழிலாளிக்கு இட்ட கட்டளை, பெண்ணைப் பெற்றவனுக்கு அன்று என்று தமக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை திருமணம். அதற்கு முந்திய வியாழக்கிழமை தரையைத் துடைத்து முடித்தபின், பழந்துணியை விரித்து, முழங்காலைப் பொறுத்துக்கொண்டு ஒரு சிறு ஏணியில் ஏறினார். வெள்ளையடிப்பில் முதல் வேலை சுரண்டுவது. பொரிந்த பழைய சுண்ணாம்பை நீக்காவிட்டால் புதியது பிடிக்காது. கறையின் மேற்பகுதியிலிருந்து தொடங்கிக் கம்பிப் பிரஷால் அழுத்தித் தேய்த்தார். சிவந்த தூள் துணியின்மேல் உதிர்ந்தது. பாதி வரை வந்ததும் கை களைத்துப்போக, ஈரம் காட்டினால் எளிதாகுமென்று எண்ணித் தூரிகையைத் தண்ணீரில் நனைத்துச் சுவரில் தடவினார்.

ஈரம் பட்டவுடன் நிறம் விழித்துக்கொண்டது. மங்கலாகக் கிடந்த செங்காவி, பச்சைக் காயத்தைப்போலச் சிவந்தது. அது துரு அன்று. ஒரு வட்டத்தின் கீழ்ப்பாதி. அதற்குள் இருபுறமும் விரியும் கைகளின் அடி. நடுவிலிருந்து இறங்கும் ஒரு கால். ஒரே இழுப்பில், நடுங்காத கையால் என்றோ ஒருவன் வரைந்த சிலுவை. அதன் மேற்பாதி பழந்துணியில் தூளாகக் கிடந்தது.

இராசதுரையின் கை நின்றது.

கைத்தொலைபேசி சட்டைப் பையில்தான் இருந்தது. எம்மாவை அழைத்திருக்கலாம். அவர் அழைக்கவில்லை. திலக்சனின் தாய் யோசெப்பினின் கண்களால் அந்தச் சுவரை ஒருமுறை பார்த்தார். மணமகளுக்குப் பக்கத்தில், அறுபட்ட சிலுவை. பார்த்த மாத்திரத்தில் யார் அறுத்தார் என்ற கேள்வி எழும். யாருக்கும் தெரியாமல் மூடிவிட்டால் கேள்வியும் இல்லை. தூரிகையைச் சுண்ணாம்பில் தோய்த்தார். ஒரு பூச்சு, அதன்மேல் இன்னொரு பூச்சு. பழைய கோபம் நெஞ்சின் ஓர் ஓரத்தில் அசைந்து அவர் கைக்கு வேகம் கொடுத்ததா என்பதை அன்று அவர் பார்க்கவில்லை, பார்க்க விரும்பவுமில்லை. தூளைக் கூட்டி, பையில் கட்டி, வெளியே இருந்த குப்பைத் தொட்டியில் போட்டார். சுவர் பளிச்சென்றிருந்தது.

மறுநாள் பிற்பகல் ஒத்திகைக்கு எல்லாரும் வந்தார்கள். இராசதுரையும் பூமணியும் உள்ளே நுழைந்தபோது எம்மா வடக்குச் சுவரின் முன்னால் இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். ஜெனிதாவும் திலக்சனும் யோசெப்பினும் அவளைச் சூழ்ந்து நின்றார்கள்.

“இதைச் செய்தது நீங்களா, துரை?” என்று எம்மா நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

“ஆம். கலியாணத்துக்காக.”

“இங்கே என்ன இருந்தது என்று தெரியுமா? இந்தக் கட்டடத்தை எழுப்பி முடித்தபோது, ஆயர் சுவரில் பன்னிரண்டு இடங்களில் எண்ணெய் தொட்டு வைத்தார். ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிலுவை வரைந்தார்கள். மற்றவை எல்லாம் எப்போதோ அழிந்துவிட்டன. எஞ்சியிருந்தது இது ஒன்றுதான்.” அவள் குனிந்து சுவரின் அடியில் எதையோ தேடினாள். “சுண்ணாம்பு மட்டும் பூசியிருந்தால் நான் இப்படி நடுங்கமாட்டேன். பூசியதன் கீழே ஓவியம் பத்திரமாகக் கிடக்கும். சுரண்டினீர்களா?”

இராசதுரை தலையசைத்தார்.

யோசெப்பினின் முகம் இறுகியது. அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் அல்லர்; அன்றும் போடவில்லை.

“அண்ணை, எங்களிலை கோபம் எண்டால் எங்களை நேரை ஏசியிருக்கலாம். கேட்டுக்கொண்டு இருந்திருப்பம். சுவரிலை கிடந்த சிலுவை உங்களுக்கு என்ன செய்தது?”

“அம்மா, விடுங்கோ,” என்றான் திலக்சன்.

“என்னத்தை விடுறது? ஆறு மாதமாய் வேதக்காரர் வேண்டாம் எண்டு நிண்ட மனுசன், கலியாணத்துக்கு ரெண்டு நாள் முதல் வந்து சிலுவையைச் சுரண்டினால், நான் என்னெண்டு நினைக்கிறது?”

“மாமி!” ஜெனிதா இடையில் வந்து நின்றாள். தகப்பனுக்கு முன்னால், அவரை மறைப்பவள்போல நின்றாள். “அப்பாவுக்கு அது சிலுவை எண்டு தெரியாது. நானும் எத்தினை தரம் இஞ்சை வந்தனான், எனக்கே தெரியேல்லை. ஊரிலை கலியாணத்துக்கு வெள்ளையடிப்பினம். அதைத்தான் செய்திருக்கிறார்.” பிறகு திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். “சொல்லுங்கோ அப்பா. உங்களுக்குத் தெரியாதுதானே?”

ஒரு சொல் போதும். தெரியாது. பாதி உண்மைதான் அதுவும். அந்த ஒரு சொல்லைச் சொன்னால், நாளைக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். அவள் கண்கள் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தன. இப்போதே நம்பியும் விட்டிருந்தன. அந்த நம்பிக்கைதான் அவருக்குத் தாங்கவில்லை.

“சுரண்டேக்கை தெரியாது, பிள்ளை,” என்றார். “பாதியிலை தண்ணி தடவினனான். அப்ப தெரிஞ்சுது.”

“தெரிஞ்ச பிறகு?”

“மூடினனான்.”

“எம்மாவுக்கு ஏன் சொல்லேல்லை?”

“பயம்.”

“பயம் மட்டுந்தானோ?” ஜெனிதாவின் குரல் தாழ்ந்துவிட்டது. “கோபம் இல்லையோ, அப்பா? எங்களிலை கொஞ்சமும் இல்லையோ?”

அவர் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லத்தான் திறந்தார். வியாழக்கிழமை பார்க்காமல் விட்டதை இப்போது பார்க்கவேண்டி வந்தது. பார்த்தபோது, அங்கே ஒன்றுமே இல்லை என்று அவரால் சத்தியம் செய்ய முடியவில்லை.

“எனக்குத் தெரியேல்லை, அம்மா,” என்றார்.

ஜெனிதா ஓரடி விலகி நின்றாள். பூமணி, “அவர் மனசறிஞ்சு செய்யமாட்டார் பிள்ளை,” என்று தொடங்கியதை எவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எம்மா தேவாலயக் கதவின் திறப்பை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். தொல்பொருள் அலுவலகத்துக்கு அறிவிக்காமல் இருக்கத் தன்னால் முடியாதென்றும், அவர்கள் வந்து பார்க்கும்வரை சுவரைத் திரையிட்டு மறைப்பதாகவும், துப்புரவு வேலைக்கு இனி அவர் வரவேண்டாமென்றும் சொன்னாள். அவள் குரலில் கடுமை இல்லை; களைப்பே இருந்தது. “நாளைக்குத் திருமணத்துக்கு வருவதை நான் தடுக்கவில்லை. அதைச் சொல்லவேண்டியவள் உங்கள் மகள்.”

எல்லாரும் ஜெனிதாவைப் பார்த்தார்கள். அவள் திரையிடாத அந்த வெண்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போகட்டும்,” என்றாள். “அப்பா உள்ளுக்கு நிண்டால், நான் முழு நேரமும் இந்தச் சுவரைத்தான் பாப்பன்.”

சனிக்கிழமை காலையில் இராசதுரை வேட்டி கட்டினார். மேலே குளிர்காலத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டார். வரவேண்டாமென்று பூமணி சொல்லவில்லை. வாருங்கள் என்றும் சொல்லவில்லை. தேவாலயத்து முற்றம்வரை இருவரும் ஒன்றாக வந்தார்கள். கார் வந்து நின்றதும், பூமணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அரைவட்ட வாசலுக்குள் நுழைந்தாள். ஜெனிதா தகப்பன் நிற்கும் பக்கம் திரும்பினாள். தலையை மிக இலேசாக அசைத்தாள். அது அழைப்பு அன்று என்பது அவருக்கு விளங்கிற்று. கதவு சாத்தப்பட்டது.

அவர் கல்லறைகளுக்கு நடுவே, தெற்குச் சுவரின் ஓரமாகப் போய் நின்றார். காதைச் சாய்த்துப் பார்த்தார். உள்ளும் புறமும் செதுக்கிய கல்லை அடுக்கி, இடையில் உடைகல்லையும் சுண்ணாம்பையும் கொட்டி நிரப்பி, ஆள் படுத்தால் மறையும் கனத்தில் எழுப்பிய சுவர் அது. பகைவனுக்கும் பனிக்கும் எதிராகக் கட்டியவர்கள், வெளியே ஒரு தகப்பன் நிற்பான் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். ஆர்கன் ஒலிக்கிறதா, மழை இரைகிறதா என்று பிரித்தறிய முடியவில்லை. சாளரங்களோ கை எட்டாத உயரத்தில், தலையை நுழைக்கவும் போதாத அகலத்தில் இருந்தன.

ஊர்க் கலியாணத்தில், தாலி ஏறும் கணத்தைத் தெருக்கோடியில் நிற்பவனும் அறிவான். மேளம் கொட்டி முழக்கி அறிவித்துவிடும். சிலுவை கோத்த தாலியைத் திலக்சன் உள்ளே கட்டுவான் என்று பூமணி சொல்லியிருந்தாள். எப்போது என்று அறிவிக்க இங்கே எதுவும் இல்லை. எந்தக் கணத்தில் கை கூப்புவது என்று தெரியாமல், இராசதுரை கூப்பிய கையை இறக்காமலே நின்றார். விரல்கள் விறைத்தன. மழை தூறியது.

கதவு திறந்தபோது முதலில் வெளியே வந்தவள் பூமணி. நனைந்திருந்த அவரைப் பார்த்துவிட்டு விரைந்து வந்தாள்.

“முடிஞ்சுதோ?” என்று கேட்டார்.

“ஓம். எப்பவோ முடிஞ்சுது,” என்றாள் பூமணி. “கையைக் கீழை விடுங்கோ. சனம் வருகுது.”

அவர் கையைக் கீழே விட்டார். வருகிறவர்களுக்கு வழிவிட்டு, பாதையை விட்டிறங்கி ஈரப் புல்லில் நின்றுகொண்டார்.